கோரமண்டலில் மாதக் கடைசி

இந்தத் தொழிற்பேட்டைக்குப் பெயர் கோரமண்டல்.
சோழமண்டலம் என்பது
வெள்ளைக்காரன் நாக்கில் உருண்டு இப்படி ஆயிற்றென்று
ரோஸ் ஹில் பள்ளியில் தமிழ் வாத்தியார் சொன்னார்.
மற்றபடி இங்கே சோழர் யாரும் இல்லை.
சாயப்பட்டறை, பெயிண்ட் கிடங்கு,
நான் சம்பளம் போடும் சட்டை ஆலை,
ஆலைக்குப் பின்னால் தகரக்கூரை டோர்டுவார்:
அறைக்குப் பதினாறு கட்டில்,
அறுபத்தெட்டுப் பெண்களுக்கு நான்கு குழாய்.

அதில் இரண்டில்தான் தண்ணீர் வந்தது.
செவ்வாய்க்கிழமை நடந்தது அவ்வளவுதான்.
கலகம் என்று மேலாளர் எழுதினார்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்:
காலி வாளிகளோடு கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை என் மேசைக்குப் பதினோரு பெயர்கள் வந்தன.
கணக்கை முடி. நாளை இரவு விமானம்.

கணக்கு எனக்குத் தெரிந்த வேலை.
மெத்தைக்கு இவ்வளவு. விளக்குக்கு இவ்வளவு.
டாக்காவில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன்
நம் ஏட்டில் வராது.
வாளியோடு உட்கார்ந்த ஐந்து மணி நேரம் கழிவு.
தைப்பூசத்தன்று எங்களுக்கு அரசு விடுமுறை;
மெஷின் நிற்கக்கூடாதென்று அவர்கள் தைத்தார்கள்.
அந்த ஓவர்டைமைச் சேர்த்தேன்.
யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. சேர்த்தேன்.
இதைக் குறித்துக்கொள்ளுங்கள்,
அடுத்ததை நான் சொல்வதற்கு முன்.

ஏழாவதாக மொர்ஜினா காத்தூன். காலர் பிரிவு.
பரிசால் பக்கம் ஆற்றங்கரையில் வீடு;
அந்தக் கரை இப்போது இல்லையென்று
முன்பொருமுறை கையைச் சரித்துக் காட்டியிருந்தாள்.
பணத்தை எண்ணினாள்.
இருநூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்து
இது எந்த ஊர் எழுத்து என்றாள்,
சந்தையில் பேரம் பேசிக் கற்ற கிரியோலில்.
தமிழ் என்றேன். எங்கள் பாஷை.
படியுங்கள்.
படித்தேன்.
வீட்டில் பேசுவீர்களா?
இல்லை.

பிறகு அந்தக் காகிதம். ஒரு பக்கம், இங்கிலீஷ்.
இதில் என்ன எழுதியிருக்கிறது?

என் சொந்த விருப்பத்தின் பேரில்
வேலையை விட்டு நாடு திரும்புகிறேன்,
கம்பெனிமேல் எனக்குக் குறை ஏதும் இல்லை.
அதுதான் எழுதியிருந்தது.

பணம் வாங்கினதுக்கு ரசீது என்றேன்.

என்னைப் பார்த்தாள்.
நம்பினாள் என்று தோன்றவில்லை.
அவளுக்குப் பின்னால் நான்கு பேர்.
வெளியே வேன், இன்ஜினை அணைக்காமல்.
அவள் பாஸ்போர்ட் இரும்பு அலமாரியில்,
அலமாரிச் சாவி என் இடுப்பில்,
வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில்.
ஊசி ஏறி நகம் கறுத்த விரலால் பேனாவை வாங்கி,
கொடியில் துணி தொங்குவதுபோல்
எழுத்துகள் தொங்கும் அந்த வங்காளத்தில்
தன் பெயரை முழுசாக எழுதினாள்.
அவசரப்படவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம்.
இந்திய அரசின் அட்டைக்கு மனுப்போட
மோக்கா காப்பகத்தில் பணம் கட்டித்
தம்பி வாங்கிவந்த நகல்.
முத்துக்கருப்பன். வயது இருபது. உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.
பெயருக்கு மேலே எண்.
அதன் கடைசி இரண்டு இலக்கத்தை
அம்மா வாராவாரம் லாட்டரியில் வைக்கிறாள்,
விழுந்ததே இல்லை.
கூடவந்த ஒப்பந்தத்தின் அடியில்
மனமொப்பிக் கப்பலேறியதாக ஒரு வரி,
அதற்குக் கீழே ஒரு பெருக்கல் குறி.

அந்த வரியை அவனுக்கு யார் வாசித்துக் காட்டியது
என்று நாங்கள் யோசித்ததில்லை.
எவனோ ஒருவன்,
மேசைக்குப் பின்னால், மாதச் சம்பளத்துக்கு.
வரிசை நீளமாக இருந்திருக்கும்.
தமிழ் தெரிந்தவனாகத்தான் இருந்திருப்பான்.

வெள்ளிக்கிழமை பிளம்பர் வந்தான்.
அரை மணி நேர வேலை. இப்போது நான்கிலும் தண்ணீர்.
அவன் பில்லையும் நான்தான் பாஸ் செய்தேன்:
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்,
வாஷர் உட்பட.